வாசகர் கேள்வி – பதில்: ‘எப்போதாவது சாப்பிடுவாராம்!’

சென்ற மாதம் புகையிலை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: ‘இருபத்தாறு ஆண்டுகள் சிகரெட் பிடித்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதை விட்டு 14 கிலோ கூடினேன், அன்றிலிருந்து ஊரே எனக்கு வைத்தியம் சொல்கிறது.’ அந்த ஒரு வரிக்கு 43 கடிதங்கள். புகையிலையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் உடம்பைப் பற்றி.

முன்பு மதுவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியபோது, இனிஷியல், தெரு, கைப்பேசி எண் என்று எல்லாவற்றையும் போட்டு எழுதினார்கள். ‘பத்து வருடம் குடித்துச் சீரழிந்தவன் நான், என் பெயரைத் தாராளமாகப் போடுங்கள்’ என்று ஒருவர் புகைப்படமே இணைத்திருந்தார். இந்த முறை 43 பேரில் 38 பேர் ‘பெயர் வேண்டாம்’ என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருக்கிறார்கள். மீதி ஐந்து பேரும் ஒல்லியானவர்கள் என்பது கேள்வியைப் படித்தாலே தெரிகிறது. ஆகவே எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

சிகரெட் பிடித்த காலத்தில் உண்மையிலேயே உங்களை ஒருவரும் கண்டிக்கவில்லையா? நம்ப முடியவில்லையே. – விழுப்புரம்

1981இல் திருச்சியில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்தேன். மேஜைக்கு மேஜை உடைந்த டீ கிளாஸ் இருக்கும், சாம்பல் தட்டுவதற்கு. முதல் நாள் எனக்குக் கிடைத்தவை ஒரு சிவப்புப் பேனா, ஒரு டீ கிளாஸ். என் கல்யாணத்தில் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே சிகரெட் தட்டும் இருந்தது. எடுத்து நீட்டியவர் என் மாமனார். இருமலுக்கு மருத்துவரிடம் போனேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், மருந்து எழுதினார், நான் எழுந்தபோது ‘தீப்பெட்டி இருக்கிறதா?’ என்று கேட்டார்.

2007இல் விட்டேன். நிக்கோட்டின் பசியை அடக்கிவைக்கும், உடம்பு எரிக்கும் சக்தியையும் கொஞ்சம் கூட்டிவைக்கும். அது போனதும் இரண்டும் தலைகீழாகும். சிகரெட்டை விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடும் என்கிறார்கள். நான் சராசரிக்குள் அடங்கவில்லை. 61 கிலோ ஒன்றரை ஆண்டில் 75 ஆயிற்று.

அப்புறம்தான் வேடிக்கை. மருமகன்கள் ‘என்ன மாமா, இப்படி ஊதிவிட்டீர்கள்!’ என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுத்தார். தெருமுனை டீக்கடைக்காரர் நான் கேட்காமலே சர்க்கரையைக் குறைத்தார். இருபத்தாறு ஆண்டுகள் எனக்குக் கடனில் சிகரெட் கொடுத்தவர் அவர்தான்! நல்ல மனிதர், அக்கறையில்தான் செய்தார். ஆனால் அந்த அக்கறை அத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தது என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். ‘அது உங்கள் சொந்த விஷயம் சார்’ என்றார்.

இதில் அடி வாங்கியது என் மனைவிதான். அத்தனை ஆண்டுகள் ஒரே அறையில் என் புகையை உள்ளே இழுத்தவள் அவள். அதற்காக அவளிடம் ஒருவரும் அனுதாபம் காட்டவில்லை. நான் பருத்த பிறகு, ‘அப்படி என்னம்மா ஆக்கிப் போடுகிறாய்?’ என்று அவளைத்தான் கேட்டார்கள்.

என் மகளுக்கு 28 வயது, வங்கியில் வேலை, 82 கிலோ. ஏழு வரன்கள் வந்து போயின. கடைசியாக வந்த வீட்டில், ஆறு மாதத்தில் 15 கிலோ குறைத்தால் பேசலாம் என்கிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தபோது, ‘நண்பர்களோடு எப்போதாவது சாப்பிடுவார், அவ்வளவுதான்’ என்றார்கள். சம்மதித்துவிடலாம் என்கிறார் என் கணவர். மகள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். – திருப்பூர்

அம்மா, முதலில் மகளை இன்று இரவு சாப்பிட உட்கார வையுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

குடிப்பவர்களிடம் தமிழ்போல் இரக்கம் காட்டும் மொழி உண்டா என்று தெரியவில்லை. விஸ்கி குடிப்பவரை ‘சாப்பிடுவார்’ என்று சொல்லிப் பந்தியில் உட்கார வைத்துவிடுகிறோம். உங்கள் மகள் உண்மையாகவே சாப்பிடுகிறாள், இட்லி சாப்பிடுகிறாள். அது குற்றமாகிவிட்டது. அவர் ‘எப்போதாவது’ செய்வதை யாரும் தேதி போட்டுக் கேட்கவில்லை. அவளுடைய கிலோவுக்கு மட்டும் கெடு வைக்கிறார்கள்.

அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ‘மாப்பிள்ளைக்கு ஒரு கல்லீரல் பரிசோதனை செய்து அறிக்கை கொடுக்க முடியுமா?’ சண்டைக்காகச் சொல்லவில்லை. உடல்நலத்தின் பேரில்தான் அவர்கள் நிபந்தனை போட்டார்கள் என்றால் இது நியாயமான கேள்வி, தயங்காமல் தருவார்கள். முகம் சிவந்தால், அவர்கள் பேசியது உடல்நலம் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் கேளுங்கள். இந்த 15 கிலோ நிபந்தனை எந்தத் தேதியில் முடிகிறது? தாலி கட்டிய அன்றா, முதல் பிரசவத்துக்குப் பிறகா?

மகளுக்கு மாதவிலக்கு சீராக இல்லை என்றாலோ, காரணமில்லாத சோர்வு இருந்தாலோ, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி இரண்டையும் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. அது அவளுக்காக. எட்டாவது வரன் வந்தாலும் வராவிட்டாலும்.

குண்டாக இருப்பவரைக் குண்டு என்று சொன்னால் என்ன தவறு? உள்ளதைத்தானே சொல்கிறோம். – தஞ்சாவூர்

ஐயா, நான் வாழ்க்கை முழுவதும் எழுத்துப்பிழை பார்த்தவன். இலக்கணத்தில் இருந்தே பதில் சொல்கிறேன். ‘அவர் குடிப்பார்’, ‘அவர் சிகரெட் பிடிப்பார்’: இவை வினை. வினை என்றால் முற்றுப்பெறும். நாளைக்கு ‘விட்டுவிட்டார்’ என்று ஆகலாம், ஊர் மெச்சும். ‘அவள் குண்டு’: இதில் வினையே இல்லை. ஆளையும் பெயரையும் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முன்னவர் ஏதோ ஒன்றைச் செய்கிறவர். பின்னவளுக்கு அதுவே அடையாளம்.

குடிகாரன் என்று ஒரு சொல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதை முகத்துக்கு நேரே யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சட்டையைப் பிடிப்பார். ‘குண்டம்மா’ என்று மட்டும் கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் சொல்லலாம். கேட்டவள் சிரிக்க வேண்டும், சிரிக்காவிட்டால் ‘விளையாட்டுக்குச் சொன்னால் கோபம் வருகிறது பார்’ என்று இரண்டாவது குற்றமும் சேரும்.

உள்ளதைச் சொல்வது அவ்வளவு பிடிக்கும் என்றால், வழுக்கை விழுந்த உங்கள் மேலதிகாரியிடம் நாளைக் காலை தொடங்குங்கள்.

வாயைக் கட்டினால் உடம்பு குறையும். மன உறுதி இல்லாதவர்கள் சொல்லும் சாக்குதான் மற்றதெல்லாம். 34 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன். – சேலம்

மன உறுதிக்கு என்னிடம் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, சார். நாளுக்குப் பதினெட்டு சிகரெட்டை விட்டவன் நான். இரண்டாவது வாரம் கை நடுங்கியது, அலுவலகத்தில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன், இருந்தும் விட்டேன். அப்போது ‘எஃகு போன்ற மனம்’ என்றார்கள். அதே மனத்தை வைத்துக்கொண்டுதான் 2009இல் இருந்து எடையோடு மல்லுக்கட்டுகிறேன். ஆறு கிலோ குறைப்பேன், எட்டு கிலோ ஏறும். எஃகு எங்கே போயிற்று?

சிகரெட்டை அடியோடு விட்டுவிடலாம். சாப்பாட்டை விட முடியாது. குடியை நிறுத்தியவரைத் தினமும் மூன்று வேளை மதுக்கடைக்கு அனுப்பி, ‘அரை டம்ளரோடு எழுந்து வந்துவிடு’ என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இது.

உடம்பின் கணக்கும் நம் கையில் முழுதாக இல்லை. 1986இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்த ஆய்வு வெளிவந்தது. அவர்கள் ஒல்லியா பருமனா என்பது பெற்றவர்களை ஒத்திருந்தது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு பொருந்தவில்லை. 1994இல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரப்பது நாம் ஊளைச்சதை என்று திட்டும் அந்தக் கொழுப்பேதான். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிப் பசியைக் கிளப்பும். பட்டினி கிடந்து குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பரம்பரை மட்டும்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். 2015-16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு எடை அதிகம் அல்லது பருமன். 2019-21இல் அதுவே 40.4. ஐந்தாறு ஆண்டுகளில் பரம்பரை மாறாது. அந்த ஐந்தாறு ஆண்டுகளில் பத்துப் பெண்களில் ஒருத்திக்கு மன உறுதி திடீரென்று கழன்று விழுந்துவிட்டதாகவும் நான் நம்பவில்லை. தெருமுனைக்குப் போகக்கூட இரு சக்கர வண்டி, மில்லில் இரவு ஷிஃப்ட், பதினொரு மணிக்கு வீடு திரும்பும் வழியில் திறந்திருக்கும் ஒரே கடையில் புரோட்டா, ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில், பெண்கள் பயமில்லாமல் நடக்க ஒரு பூங்கா இல்லாத ஊர்கள். நீங்கள் ஆசிரியராக இருந்த 34 ஆண்டுகளில் எத்தனை பள்ளிகள் விளையாட்டு மைதானத்தில் கட்டடம் கட்டின என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். வெளியிடுகிறேன்.

நான் மருத்துவர். உங்கள் வரி ஆபத்தானது. குண்டாக இருப்பதில் தவறில்லை என்று மக்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? – நாகர்கோவில்

டாக்டர், எனக்கே 2014இல் இருந்து சர்க்கரை இருக்கிறது. படியேறினால் முழங்கால் பேசுகிறது. இரவில் நான் விடும் குறட்டைக்கு என் மனைவி அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். பருமன் கெடுதல் இல்லை என்று நான் சொல்வேனா? சிகரெட்டை விட்டதற்கு வருத்தமும் இல்லை. எடை கூடினாலும் விட்டவனுக்கே லாபம் என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

இந்தியர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியவர்கள் என்பதும் தெரியும். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ கணக்கில் உலக அளவில் 30க்கு மேல்தான் பருமன். நமக்கு 25இலேயே அந்தக் கோடு. நம் கொழுப்பு வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள நான் உலகக் கணக்கில் ‘எடை சற்று அதிகம்’. இந்தியக் கணக்கில் பருமன் நோயாளி.

ஆனால் உங்கள் அறைக்குள் நடப்பதைப் பற்றி ஒரு கடிதம் வந்திருக்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பெண், 96 கிலோ. விலாவில் வலி என்று மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறார். மூன்று இடத்திலும் ‘முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்.’ நான்காவது இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள், சிறுநீரகத்தில் கல். ‘இப்போது காய்ச்சல் வந்தால்கூட மருத்துவமனைக்குப் போகக் கூசுகிறது’ என்று எழுதியிருக்கிறார். சொல்லுங்கள், டாக்டர், ஆபத்து என் வரியிலா?

2025 ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, பிஎம்ஐ மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், இடுப்பையும் அளந்து பாருங்கள். கொழுப்பு உறுப்புகளைப் பாதித்துவிட்டதா, இன்னும் இல்லையா என்று பிரித்துப் பாருங்கள் என்று சொன்னது. நீங்கள் படித்திருப்பீர்கள். நம் ஊரில் இன்னும் எடை மெஷின் சொன்னால் தீர்ப்பு எழுதியாயிற்று.

சிகரெட் பெட்டியில் அழுகிய வாயின் படம் போடுகிறார்கள். மிக்சர் பொட்டலத்தில் ஏன் போடக் கூடாது? – கோவை

போடலாம். சிலி நாட்டில் 2016இல் இருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுப் பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். நம் நாட்டில் சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை 2016இல் வந்தது. உணவுப் பொட்டலத்துக்கோ 2022இல் நட்சத்திர மதிப்பெண் தரும் வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மிக்சருக்கு இரண்டு நட்சத்திரம் என்றால், நம் ஆட்கள் ‘பரவாயில்லை, லாட்ஜ் அளவுக்கு இருக்கிறது’ என்று வாங்குவார்கள்.

கேரளம் 2016இல் பிட்சா, பர்கர் விற்கும் பெரிய உணவகங்களுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டது. புரோட்டா தப்பித்துவிட்டது. 2025 ஜூலையில் அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவைச் சொல்லும் பலகை வைக்க மத்திய சுகாதார அமைச்சகம் யோசனை சொன்னதும், சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை ஒட்டப் போகிறார்கள் என்று நாடே கொந்தளித்தது. அப்படி எதுவும் இல்லை என்று அரசு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. பாருங்கள், ஜிலேபியைச் சொன்னால் நமக்கு ரோஷம் வருகிறது. ஜிலேபி சாப்பிட்டவளைச் சொன்னால் வருவதில்லை.

மதுவின் கதை தனி. 2003 நவம்பரில் இருந்து தமிழக அரசே மதுக்கடை நடத்துகிறது. 2023-24இல் அதில் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கடை வாசலில் நிற்பவரைப் பார்த்து யாரும் ‘மருத்துவச் செலவு எங்கள் வரிப்பணம்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. பருத்தவரைப் பார்த்து அதைச் சொன்ன கடிதங்கள் இந்த 43இல் மூன்று இருக்கின்றன.

வாரம் ஒரு ஊசி போட்டால் எடை குறைகிறதாமே? என் தோழி போட்டு 11 கிலோ குறைந்தாள். எல்லோரும் ‘குறுக்கு வழி’ என்று அவளைக் கேலி செய்கிறார்கள். – சென்னை

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று அடுத்தடுத்து இந்தியாவுக்கு வந்தன. குடலில் சுரக்கும் ஹார்மோன் போல வேலை செய்து பசியைக் குறைக்கும் மருந்துகள். குமட்டல், வாந்தி வரலாம், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், வந்த புதிதில் விலையும் அதிகமாக இருந்தது. மருத்துவர் எழுதித் தராமல், தங்கை கல்யாணத்துப் புகைப்படத்துக்காகப் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

கேலிக்கு வருகிறேன். சிகரெட்டை விட்டபோது நான் நான்கு மாதம் நிக்கோட்டின் சூயிங்கம் மென்றேன். ஒருவர்கூடக் குறுக்கு வழி என்று சொல்லவில்லை. ‘எப்படியாவது விட்டால் சரி’ என்றார்கள். உங்கள் தோழி முன்பு பருமனாக இருந்ததற்குத் திட்டு வாங்கினாள், இப்போது கஷ்டப்படாமல் குறைந்ததற்கு வாங்குகிறாள். அவள் குறைய வேண்டும் என்பதைவிட, அவள் வருந்த வேண்டும் என்பதில் ஊருக்கு ஆசை அதிகம் போலிருக்கிறது.

எங்கள் காலத்தில் நாலு சதை போட்டிருந்தால்தான் மரியாதை. எலும்பும் தோலுமாக இருந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள். 79 வயதில் சொல்கிறேன். – காரைக்குடி

உண்மை. அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்குத் தொந்தி என்பது சொத்து விவரம். ‘உடம்பு தேறிவிட்டாயே’ என்பது அப்போது வாழ்த்து. ஆனால் ஐயா, அந்த மரியாதையும் மைனருக்குத்தான் கிடைத்தது, மைனரின் மனைவிக்கு இல்லை. அவளைப் ‘பூசினாற்போல்’ என்பது வரைக்கும்தான் மெச்சினார்கள்.

ஏழாம் வகுப்புப் படிக்கிறேன். வகுப்பில் என்னைப் பூசணி என்று கூப்பிடுகிறார்கள். விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் சேர்க்காமல், பி.டி. சார் என்னைக் குண்டு எறிதலில் போட்டார். மைக்கில் ‘குண்டு’ என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டை விட்டுவிடலாமா? – கரூர்

தம்பி, மதியச் சாப்பாட்டை விடாதே. நீ வளர்கிற பையன். இதுதான் முதல் பதில்.

குண்டு எறிதல் 1896இல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் இருந்தே இருக்கும் விளையாட்டு. வளர்ந்த ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ. சிரித்தவர்களில் யாராவது அதைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டட்டும். உனக்கு அது பிடித்திருந்தால் ஆடு. பிடிக்கவில்லை, ஓடத்தான் பிடிக்கும் என்றால், சாரிடம் போய் ‘என் பெயரை ஓட்டத்தில் எழுதுங்கள்’ என்று கேள். கடைசியாக வந்தால் என்ன? கடைசியாக வருகிறவனும் அதே தூரம்தான் ஓடுகிறான். அதிக நேரம் வேறு ஓடுகிறான்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அம்மாவிடம் கொடு. அம்மா சாரிடம் கொடுக்கட்டும். சாருக்கு: ஐயா, சேலத்தில் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவரோடு மேலே பேசிவிட்டேன். உங்களுக்குத் தனியாக எழுத வைத்துவிடாதீர்கள்.

பட்டப்பெயர் வைக்கிறவனைப் பற்றி: எனக்கு உன் வயதில் ‘ஈர்க்குச்சி’ என்று பெயர். வைத்தவன் இப்போது என் நடைப்பயிற்சிக் கூட்டாளி, 92 கிலோ. நான் அவனை ஒன்றும் சொல்வதில்லை. சில நாள் நாக்கு நுனி வரை வரும்.

இவ்வளவு எழுதுகிறீர்களே, இன்றைய தேதியில் உங்கள் எடை என்ன? – புதுக்கோட்டை

78. காலையில், வெறும் வயிற்றில், மூக்குக் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு.